கிழக்கு ஜன்னலுக்கு வந்த கடல்காற்று

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் அது வரும். முதலில் பிடரியில் ஒரு ஈரம்... அப்புறம் கொடியில் காயும் வேட்டி மேற்குப் பக்கமாக உப்பும். "கடல் காத்து எறங்கிடுச்சு" என்பாள் அம்மா.

செஞ்சிக்கும் கடலுக்கும் நாற்பது மைல் இருக்கும். ஆனாலும் அறுபதுகளில் அந்தக் காற்று வயலையும் ஏரியையும் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது.

வராவிட்டால் கஷ்டம். மேற்கே கோட்டை மலைகள்... பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள், பொழுது சாய்ந்ததும் அதை ஊர்மேல் கக்கும். கிழக்கே இருந்த ஒரே ஜன்னல்தான் எங்களுக்குக் கதி.

நான் பூகோளத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த கோடை அது. அக்கா தலைப்பிரசவத்துக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வந்து, பெண் குழந்தை பெற்றிருந்தாள். மூன்றாம் மாதம் சீர் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். அதுவரை அம்மாவுக்குத் திருவிழா. தூளியை அந்த ஜன்னலுக்கு நேராகக் கட்டியிருந்தோம்.

அப்போதுதான் பக்கத்து மனையில் சித்தப்பா, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்க ஒரு குடோன் எழுப்ப ஆரம்பித்தார். எங்கள் ஜன்னலை ஒட்டி, ஒரு முழம்கூட விடாமல்.

நைனாவுக்குப் போய்க் கேட்க மனசு வரவில்லை. தம்பியாயிற்றே. நான்தான் போய்க் கேட்டேன்.

"கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க சித்தப்பா. கொழந்தைக்குக் காத்து வேணும்."

"இன்னாடா, காத்துக்குப் பட்டா வச்சினு இருக்கியா?"

மேஸ்திரி சிரித்தார். சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"காலேஜ்ல காத்தப் பத்திதான படிச்ச? மேக்கால வரச் சொல்லேன். ஊரு வளருதுடா... உன் ஜன்னலுக்காக நிக்குமா?"

சாயங்காலக் காற்று கடல் பக்கமிருந்துதான் வரும் என்று படித்ததைச் சொல்லியும் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

சித்திரை பிறக்கும் முன்பே சுவர் எழும்பி, தகரக் கூரையும் ஏறியது. ஜன்னலைத் திறந்தால் தகரத்தின் அனல்தான். குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு, தலையில் வேனல் கட்டி. அம்மாவின் கை விசிறியைக் கீழே வைக்கவே இல்லை.

பேத்தியைப் பார்க்க வந்த அக்காவின் மாமியார், குழந்தையைத் தொட்டதும் முகம் மாறினார்.

"கோச்சிக்காதீங்க சம்பந்தி. எங்க ஊட்ல கடல் காத்து இருக்குது. கூட்டினு போறோம்."

அம்மாவால் மறுக்க முடியவில்லை. சீருக்காகத் தட்டானிடம் கொடுத்திருந்த கொலுசு கூட இன்னும் வந்திருக்கவில்லை.

"அழாதம்மா, பனி காலத்துல வரேன்" என்று சொல்லி அக்கா பஸ் ஏறினாள். சொன்னபடி வந்தாள், நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். கோடையில் மட்டும் அவளை யாரும் அனுப்பவே இல்லை. பேத்திகளோடு ஒரு சித்திரை முழுக்க இருக்க வேண்டும் என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்...

சித்தப்பா வீட்டுக் கல்யாணம் எதற்கும் நான் போனதில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இப்போது குடோன் இல்லை. அவர் பிள்ளை அங்கே மூன்று மாடி கட்டியிருக்கிறான். அவன் ஏசி மெஷின் என் பக்கம் அனல் ஊதுகிறது. அவனோடு மட்டும் சண்டை போட்டு என்ன? கிழக்கே திண்டிவனம் ரோடு நெடுகச் சிமென்ட். ஏரிகள் பிளாட் ஆகிவிட்டன. கடலே சூடேறிக் கிடக்கிறது. இத்தனையும் தாண்டி வந்து சேரும் கொஞ்சநஞ்சக் காற்றிலும் புழுக்கம்தான் இருக்கிறது, குளிர்ச்சி இல்லை. பொழுது சாய்ந்தும் ஊர் ஆறுவதில்லை. யாரைப் போய்க் கேட்பது...

போன வாரம் அக்கா போன் செய்தாள். இன்றும் பாண்டியில்தான், கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி.

"சுத்தி அடுக்குமாடி எழுப்பிட்டாங்கடா. இங்கயும் மூச்சு முட்டுது. பத்து நாள் நம்ம ஊட்ல வந்து இருக்கட்டுமா?"

இதைக் கேட்க அம்மா இல்லை.

"இப்ப வேணாம்க்கா" என்றேன். "வெயில் கொறையட்டும், நானே சொல்றேன்."