மகளின் வெற்றிக் கட்டத்தில் ஒரு பூஜ்யம்

என் மகள் தொழில்முறை டென்னிஸ் ஆடுகிறாள். கைப்பேசியில் அவள் பெயரைத் தட்டினால் ஒரு பக்கம் வரும்: இதுவரை எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி. பாதியில் பள்ளியை விட்ட எனக்கும் அந்தப் பக்கம் மனப்பாடம். தோல்விக் கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. வெற்றிக் கட்டத்தில் பூஜ்யம் அசையவே இல்லை.

"கோசோங் நல்ல நம்பர்தான். ரவுண்டா, அழகா இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர், பூஜ்யத்தை மலாயில் சொல்லி. மலேசியாவில் லுக்குட் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். எதற்கும் பதற மாட்டார். இருவருக்கும் சேர்த்து நானே பதறிவிடுவேன்.

போன ஆண்டு தாய்லாந்துப் போட்டிக்குப் புறப்படும்போது மகள் சொன்னாள்: "இதுலயும் தோத்தா போதும்மா. நீலாய் டவுன்ல ஸ்போர்ட்ஸ் கடைக்காரரு கூப்புட்ட வேலைக்கே போயிர்றேன்." சரி என்று தலையாட்டினேன்.

ஆட்டத்தன்று, நான் வேலை செய்யும் நாற்றுப் பண்ணையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் செட்டில் மகளுக்கு ஒரு கேம்கூட இல்லை. இரண்டாவதை இழுத்துப் பிடித்து எடுத்தாள். மூன்றாவது சமமாக நிற்கும்போது லைன் போய்விட்டது. திரும்ப வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. ஸ்கோர் திறக்கவில்லை, புள்ளிவிவரம் மட்டும் வந்தது. மொத்தப் புள்ளி எதிராளிக்குத்தான் கூட. சர்வீஸ் தவறுகள் என் மகளுக்குத்தான் கூட.

அழுதுகொண்டே நீலாய் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, அந்த வேலைய எம்மவளுக்கு வெச்சிருங்கண்ணே."

லோரியை ஓரங்கட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "நீ என்ன கணக்கெழுதுற ஆபீஸ் கிராணியா, கூட்டிக் கழிச்சு முடிவு சொல்ல? புள்ள பேசட்டும்லா."

சொல்லி வாய் மூடவில்லை, மகளே அழைத்தாள். "அம்மா, ஜெயிச்சிட்டேன்!"

"பொய் சொல்லாதடி. அவளுக்குத்தான பாயிண்ட் கூட?"

சிரித்தாள். "மொத செட்டுல அள்ளிட்டுப் போயிட்டாம்மா. மத்த ரெண்டும் மயிரிழைல எனக்கு. செட்டுதான்மா கணக்கு, மொத்தப் பாயிண்ட்ட யாரு பாக்குறா?"

யார் பார்க்கிறார்கள்? நான்தான்.

கடைக்காரரை மறுபடி அழைத்தேன். "இப்பதான அழுதீங்க? அதுக்குள்ள வேணாங்கிறீங்களா?" என்றார்.

"வேணாண்ணே. வேற ஆளப் பாத்துக்குங்க." இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் வேண்டாம் என்றதில்லை.

அன்று மாலை பக்கத்தைத் திறந்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன். வெற்றிக் கட்டத்தில் ஒன்று. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"ரவுண்டா, அழகா இருந்துச்சு" என்றார். "கெடுத்துட்டா."