தமிழில் நிற்காத வாக்கியம்

ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நகரத்தின் காலநிலைத் திட்டங்களை எழுத அரசுத் துறைகளுக்கு உதவுகிற சின்ன நிறுவனம். மழை கொட்டினால் ஆறு எவ்வளவு உயரும், எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. அங்கே இருந்த எல்லோரும் பொறியாளர்கள். நிஷா வரும்வரை.

நிஷா கோட்டூர்புரம் பக்கம் அடையாற்றின் கரையில் பிறந்து வளர்ந்தவர். அப்பா வடிவேலு ஆட்டோ ஓட்டினார். அம்மா முத்துலட்சுமிக்கு மந்தைவெளியில் சமையல் வேலை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வீடு போயிற்று. பிறகு அவர்களை நகரத்துக்கு வெளியே, வெகு தூரத்தில் இருந்த பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் வேலையும் அதோடு போனது. நிஷா மட்டும் விடாமல் படித்தார். வடக்கே ஒரு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகை கொடுத்து அழைத்தது. வரலாறு, தத்துவம், பொருளாதாரம் எல்லாவற்றையும் கலந்து சொல்லித்தரும் படிப்பு. "இது டீச்சர் படிப்பா, கலெக்டர் படிப்பா?" என்று உறவுக்காரர்கள் கேட்டால், "ரெண்டும் இல்ல, யோசிக்கிற படிப்பு" என்பாராம் வடிவேலு.

யோசிக்கிற படிப்புக்கு வேலை எளிதில் கிடைக்கவில்லை. டியூஷன் எடுத்தார், கொஞ்ச நாள் கால் சென்டரில் இருந்தார். அப்புறம்தான் எங்களிடம் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தார்.

நேர்காணலில் எங்கள் இயக்குநர் கஸ்தூரிரங்கன், "காலநிலை பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"வெள்ளம் வீட்டுக்குள்ள எப்படி சத்தம் போட்டுக்கினு வரும்னு தெரியும் சார். மத்தத படிச்சிக்கிறேன்."

படித்துக்கொண்டார். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வரைபடத்தில் ஒரு கோடு ஏன் அங்கே வளைகிறது என்று கேட்பார். பதில் சொன்னால் அதற்குள்ளிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். இரண்டு வருஷத்தில் என் வரைபடங்களை அதிகாரிகளுக்கு விளக்கும் வேலை அவருடையதாகிவிட்டது. எந்த அறிக்கை வந்தாலும், எழுதியவர் எதை உண்மை என்று நம்பித் தொடங்குகிறார் என்பதைத்தான் முதலில் தேடுவார். பொறியியல் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத வாசிப்பு அது.

அரசுத் துறையிலிருந்து ஆற்றங்கரைத் திட்டத்தின் ஆங்கில வரைவு தமிழாக்கத்துக்கு வந்தபோது அவர் என் மேஜைக்கு வந்தார்.

"ஸ்ரீநாத், இந்த வரி தமிழ்ல நிக்க மாட்டேங்குது."

பார்த்தேன். ஆபத்துள்ள ஆற்றங்கரைக் குடியிருப்புகள் படிப்படியாக மாற்றியமைக்கப்படும் என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம். "அப்படியே போட வேண்டியதுதானே?" என்றேன்.

"போடலாம். ஆனா கூட்டத்துல இத அந்த ஜனங்க எதிர்ல நான் சத்தமா படிக்கணும். யாரு மாத்துவாங்க? யாரை? எங்க? ஒண்ணுமே இல்லியே இதுல."

துறைக்குக் கேட்டு எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். உள்ளபடியே வாசித்தால் போதும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். கஸ்தூரிரங்கனிடம் போனார். மறுநாள் அவர் நிஷாவை அழைத்து, "நேத்திக்கு ராத்திரி எங்காத்துல உக்காந்துண்டு திரும்பத் திரும்பப் படிச்சேன். நீ கேக்கறது நியாயம். கூட்டத்துல உனக்கு எது சரின்னு படறதோ செய். நான் இருக்கேன்" என்றார்.

அடையாறு பகுதியில் ஒரு சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. ஆற்றங்கரை ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். துறையின் சார்பில் விசாலாக்ஷி என்ற அதிகாரி முன்வரிசையில் இருந்தார். நிஷா திட்டத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தார். அந்த வாக்கியத்தையும் வாசித்தார். பிறகு காகிதத்தைத் தாழ்த்தினார்.

"இத யாரு செய்வாங்க, யாரை எங்க அனுப்புவாங்கன்னு இதுல இல்ல. நான் கேட்டேன். துறையில இன்னும் சொல்லல."

தாயம்மா என்ற மீன்காரம்மா எழுந்தார்.

"நீ யாரு பொண்ணும்மா?"

"ஆட்டோ வடிவேலு பொண்ணு. இங்கதான் கரையில இருந்தோம். இப்ப பெரும்பாக்கம்."

"உங்கள அனுப்புனது யாரு?"

"அப்பவும் இதே மாதிரிதான் எழுதிகீது. பேரு இல்ல."

எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தின் இலக்கணத்தைக் கேட்டு ஒரு கூடமே மூச்சடக்கி நான் பார்த்ததில்லை.

விசாலாக்ஷி எழுந்துபோய் மைக்கை வாங்கினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். "இந்த வரியை எழுதினது எங்க துறை. பதில் எங்கிட்டயும் இல்ல" என்றார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பதில் இல்லாத வரி திட்டத்துல இருக்கக் கூடாது. எடுத்துட்டு, உங்களையும் கூட வெச்சுண்டு மறுபடி எழுதறோம்."

சொன்னபடி எழுதினார்கள். மாதக்கணக்கில் இழுத்தது. தாயம்மாவும் வந்து உட்கார்ந்தார், சண்டையும் போட்டார். வேலைக்குப் போகும் தூரம் பற்றி நிஷா கேட்ட ஒரு வரி கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் கரையில் வசிப்பவர்கள் சம்மதிக்காமல் துறை அவர்களை இடம் மாற்றாது என்றும், சம்மதித்தவர்களுக்கு அதே வட்டாரத்தில் வீடு தரும் என்றும் அச்சில் வந்தது. இந்த முறை அந்த வரிகளைத் தமிழில் எழுதிவிட்டு, பிறகுதான் ஆங்கிலத்தில் போட்டார்கள்.

அச்சான புத்தகத்தோடு, பெரும்பாக்கத்தில் கடைசி மாடியில் இருந்த நிஷாவின் வீட்டுக்கு நானும் போனேன். வடிவேலு விரலை வைத்து அந்தப் பக்கத்தை மெல்லப் படித்தார்.

"நம்மள தூக்கினப்போ இது இல்லியே, கண்ணு."

"இல்லப்பா."

"செரி. அவங்களுக்கு கீதுல்ல." புத்தகத்தை மூடி அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

நிஷா இப்போது எங்கள் நிறுவனத்தின் கொள்கைப் பிரிவுக்குத் தலைவர். புத்தகம் கொண்டுபோன அன்றைக்கு அந்தக் கடைசி மாடி வீட்டில் கூரையின் சூடு தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி எனக்கு மோர் கொடுத்தார். நிஷா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாம இப்ப எழுதற வெயில் திட்டத்துல வெளிய வேல செய்றவங்களப் பத்தி மட்டும்தான் எழுதிகீது. வீட்டுக்குள்ள வேகறவங்களப் பத்தி எங்க?" என்றார்.

பையிலிருந்து கணினியை எடுத்து அந்தத் திட்டத்தைத் திறந்தேன்.