ஜீப்புக்கு வெட்டிய வாய்க்கால்

கனரக லாரியை முப்பத்தொரு வருடம் ஓட்டியவர் அவர். எந்தச் சந்திலும் பின்பக்கமாக வண்டியை நுழைத்துவிடுவார் என்பதால் கூட்டாளிகள் 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். வேலையை விட்ட மறு வருடமே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் துவண்டன. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்குத் தெரியும். காலையும் மாலையும் அவரைக் குளிப்பாட்டி, உடற்பயிற்சி செய்ய வைத்து, திட்டு வாங்கிய நர்ஸ் நான்தான்.

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் நெடுஞ்சாலை பாலைவனத்தின் ஓரமாகவே போகும். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்த மணலில் அவர் கால் வைத்ததில்லை. சரக்கு, நேரம், மறுபடி சரக்கு. அறுபத்தாறாவது வயதில் கேட்டார்: இரண்டு நாள் பாலைவனத்தில் கூடாரம், மூன்றாம் நாள் கடற்கரை.

பிள்ளைகள் உடனே சரி என்றார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்னைத் தூக்கினா வரல."

காரணம் உண்டு. மருத்துவமனையில் இரண்டு பேர் அவரை அள்ளித் தூக்கியபோது உடை விலகி, வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "மூட்டை ஏத்தினவன் நான். மூட்டையா ஆக என்னால முடியாது" என்று அன்று சொன்னவர், அதன்பின் யாரையும் தூக்க விடவில்லை. இடது காலை ஊன்றி எழுந்து, திரும்பி, உட்காருவார். நான் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஆகவே வண்டி பார்க்க நான்கு பேரும் போனோம். அவர், மகள், மகன், நான். வாடகை வண்டி ஷெட்டில் முதலில் மகளுக்குப் பிடித்த தாழ்வான வேன். அவர் சோபாவில் உட்காருவது போல உட்கார்ந்தார்.

"பாத்தியா? அப்பாவுக்கு இதுதான் சரி" என்றாள் மகள்.

ஷெட்காரர் குனிந்து வேனின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுக் காட்டினார். "ஒரு சாண்கூட இல்லம்மா. மணல்ல இறங்கினா படுத்துக்கும். அப்புறம் இதத் தூக்கத்தான் ஆள் தேடணும்."

அடுத்தது நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். அகலமான டயர், உயரமான உடம்பு. மகனின் முகம் மலர்ந்தது. நான் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். ஜீப்பின் இருக்கை தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம். நின்ற நிலையில் அவருடைய பின்பக்கம் முப்பது அங்குலம்தான் வரும்.

"படிக்கட்டு வச்சா?" என்றான் மகன்.

"வலது கால் படி ஏறாதுப்பா."

"ஒரே நிமிஷம், நான் தூக்கி..."

"வீட்டுக்குப் போலாம்" என்றார் அவர்.

சக்கர நாற்காலியைத் திருப்பச் சொன்னார். மகள் கண்ணைத் துடைத்தாள். நான் திருப்பவில்லை, அவருடைய கண் இன்னும் ஜீப்பின் டயர்மேல்தான் இருந்தது.

"மேடை இல்லாத இடத்துல மாட்ட எப்படிடா லாரியில ஏத்துவோம்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"எனக்கெப்படிப்பா தெரியும்?"

"மாட்டத் தூக்க முடியுமா? வண்டிய இறக்கணும். மண்வெட்டி இருக்கா இங்க?"

ஷெட்டின் பின்புறம் வெறும் மண் தரை. சக்கரங்கள் போகும் அகலத்துக்கு எட்டு அங்குல ஆழத்தில் இரண்டு வாய்க்கால் வெட்டச் சொன்னார். முன்னும் பின்னும் சரிவு. "செங்குத்தா வெட்டினா வண்டி வெளிய வராது. சரிச்சு வெட்டுடா, கேக் வெட்டற மாதிரி வெட்டாத."

"ஐயா, இது என் இடம்" என்றார் ஷெட்காரர்.

"மூடிக் குடுக்கிறோம். நீங்களும் ஒரு கை போடுங்க."

அவரும் போட்டார். ஜீப் வாய்க்காலில் இறங்கி நின்றது. நாடா இருபத்தெட்டு காட்டியது. அவர் இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுந்து, திரும்பி, பின்பக்கத்தை இருக்கையில் வைத்தார். கால்களை மட்டும் நான் உள்ளே எடுத்து வைத்தேன். "கண்ணாடிய இறக்கு" என்றார், வண்டி தன்னுடையது போல.

பாலைவனத்தில் ஆறு முறை வெட்டினோம். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். நாற்காலி புதையாமல் இருக்க ஒட்டுப்பலகை விரித்தோம். மகனின் உள்ளங்கையில் கொப்புளங்கள். மருந்து போட்டுத் துணி சுற்றினேன். அவர் மணல்மேட்டு நிழலில் உட்கார்ந்து, நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை சந்தோஷமாக அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் கடற்கரை. மகன் நான்கு வெட்டு வெட்டியதும் குழியில் தண்ணீர் ஊறியது. கரை சரிந்தது. வேறு இடத்தில் வெட்டினான். அங்கும் அதே கதை. சுற்றிக் கட்டியிருந்த துணி நனைந்து சிவந்தது. அவர் ஜன்னல் வழியாக அந்தக் கையையே பார்த்தார்.

"போதும், மண்வெட்டியக் கீழ போடு" என்றார். பிறகு என்னிடம், "நர்ஸம்மா, மூட்டை மாதிரி இல்லாம எப்படித் தூக்கணும்னு இவனுக்குச் சொல்லிக் குடுங்க."

ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை முழங்காலுக்குக் கீழே, முதுகை வளைக்காதே என்று சொன்னேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கடலப் பாருங்க."

மகளும் நானும் கடலைப் பார்த்தோம். முனகல் ஒன்று, "ஏய், மெதுவா" ஒன்று, சிரிப்பு ஒன்று கேட்டது. திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது; ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அங்கேதான் இறக்கச் சொன்னாராம். தரையிலிருந்து அவரை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.