நான் எரியவிட்ட பச்சை விளக்கு

ஒரு பெண்பிள்ளையின் படிப்பை நான் கெடுத்தேன். கெடுத்தது போதாதென்று பழியையும் அவள் தலையிலேயே போட்டேன்.

மூன்று ஆண்டுகளாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உலாவுகிறேன். இன்று உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்புக்காக அல்ல. நீங்கள் யார், அவள் சார்பில் மன்னிக்க?

லண்டனில், சட்டன் என்ற பகுதியில் இருக்கிறேன். இலங்கைப் பிள்ளைகள் கைபேசியில் கணிதம் படிப்பதற்கான ஒரு செயலியை உருவாக்கிய சிறு நிறுவனம் என்னுடையது. பிள்ளை பயிற்சிகளைச் செய்யச் செய்ய, மேலே ஒரு விளக்கு நிறம் மாறும். சிவப்பு என்றால் இன்னும் படிக்க வேண்டும். பச்சை என்றால் பரீட்சைக்குத் தயார். நூற்றுக்கு ஐம்பது புள்ளி எடுத்தால்தான் பச்சை எரியும்படி முதலில் செய்திருந்தேன். அப்போது நான் நேர்மையானவன்... அல்லது எனக்குச் சோதனை வரவில்லை.

சிவப்பைக் கண்ட பிள்ளைகள் செயலியைத் திறப்பதை விட்டுவிட்டார்கள். என் நிறுவனத்தில் பணம் போட இருந்த முதலீட்டாளரோ ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "தினமும் எத்தனை பிள்ளைகள் திறக்கிறார்கள்?" சின்ன நாட்டில் வேகமாக வளர்ந்து காட்டு, பிறகு பெரிய நாடுகளுக்குப் போகலாம் என்பார். சின்ன நாட்டில் தவறு நடந்தால் வெளியே தெரியாது என்றும் ஒருநாள் சொன்னார். நான் சிரித்தேன். என் நாட்டைப் பற்றித்தான் சொன்னார், நான் சிரித்தேன்!

ஒரு மத்தியானம் அந்த ஐம்பதை இருபத்தைந்து ஆக்கினேன். ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண்ணைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? தேநீர் ஆறவில்லை. இருபத்தைந்து எடுத்தால் பரீட்சையில் தேற முடியாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும்.

விளக்குகள் பச்சையாயின. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

இலங்கையில், வன்னியில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு லண்டனில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தின் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியையைச் சங்கம்தான் அமர்த்தியிருந்தது. ஈஸ்ட் ஹாமில் நடந்த கூட்டத்தில் நான் எழுந்து, அந்த வகுப்பு இனித் தேவையில்லை, பிள்ளைகளுக்கு என் செயலியும் நான் ஏற்கெனவே கொடுத்திருந்த டேப்லெட்டுகளும் போதும் என்றேன்.

தலைவர் குணம் அண்ணை பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் மட்டும் தயங்கினார்.

"தம்பி, ரீச்சரை நிப்பாட்டினால் பிள்ளையளுக்குப் பிரச்சினை வராதோ?"

"வராது அண்ணை. இஞ்ச பாருங்கோ, எல்லாப் பிள்ளையளும் பச்சை."

திரையில் சுகிர்தாவின் படத்தைப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் கொடுக்கப் போனபோது நன்றியுரை சொன்ன பதினாறு வயதுப் பிள்ளை. பதினோராம் வகுப்புக்குப் பிறகு உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, மருத்துவமனையில் தாதியாக வேண்டும் என்று என்னிடம் சொன்னவள். படத்தின் மேல் பச்சை விளக்கு. மண்டபம் கை தட்டியது. மாலை வகுப்பு அந்த மாதத்தோடு நின்றது.

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் முடிவு வந்தது. பரீட்சை எழுதிய பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கணிதத்தில் தேறவில்லை. சுகிர்தாவும் தேறவில்லை. கணிதம் தேறாமல் உயர்தர வகுப்புக்குப் போக வழியில்லை.

மீண்டும் அதே மண்டபம். குணம் அண்ணை கோபிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"என்ன தம்பி நடந்தது?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும்... அந்த வாரம்தான் முதலீட்டாளர் பணம் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாக இருந்தார். நான் சொன்னது வேறு.

"பிள்ளையள் செயலியை ஒழுங்காய்ப் பாவிக்கேல்ல அண்ணை. செயலியில பிழையில்லை."

என் மடிக்கணினியில் சுகிர்தாவின் பதிவு திறந்தே இருந்தது. ஒருநாள்கூட விடாமல் படித்திருந்தாள். மூடியைச் சாத்தினேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைக் கோணலாகக் கட்டிவிட்டு, ஆடியவளுக்கு ஆடத் தெரியாது என்றவன்.

லண்டன் கூட்டத்தில் பேசியது வன்னிக்குப் போய்ச்சேர இரண்டு நாள்கூட எடுக்காது. பள்ளிக்கூட அதிபர் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளைத் திட்டினாராம், வெளிநாட்டு உதவியை வீணாக்கியவர்கள் என்று.

இப்போது என் செயலி இன்னும் இரண்டு நாடுகளில் ஓடுகிறது. இருபத்தைந்து இருபத்தைந்தாகவே இருக்கிறது. மாற்ற ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். நினைப்போடு சரி. சுகிர்தா மறுபடி பரீட்சை எழுதவில்லை. வீட்டில் விடவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் காற்சட்டைக்குப் பை தைக்கிறாள் என்று குணம் அண்ணை சொன்னார். சுகிர்தாவைத் தெரியாதவன்போல் தலையாட்டினேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் தாங்கியிருப்பேன். இனிச் சொல்லப்போவதைத்தான் என் மனைவிக்கும் சொல்லவில்லை.

அதிபர் திட்டிய அன்று சுகிர்தா எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினாள். ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணா, நான் சுகிர்தா. நான் ஒவ்வொரு நாளும் செய்தனான் அண்ணா. பச்சைதான் காட்டினது. ஆனால் நான் ஏதோ பிழையாய்ப் பாவிச்சிட்டன் போல. எங்களால உங்களுக்கு லண்டனில மரியாதை கெட்டுப் போச்சுதாம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா."

ரயில் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. உண்மையை எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இது:

"பரவாயில்லை தங்கச்சி. இனிக் கவனமாய்ப் பாவியுங்கோ."

நான் அவளை மன்னித்தேன். கேட்டீர்களா? நான்... அவளை!

உடனே பதில் வந்தது.

"நன்றி அண்ணா."