இரண்டாயிரம் காஸ் காப்பு

எனக்குத் தெரிந்த இயற்பியல் முழுவதும் ஒரு காப்புக்குள் அடங்கிவிடும். மாமா கொண்டுவந்த காந்தக் காப்பு.

புலாவ் செபாங் ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குலைகளை ஏற்றிப்போகும் லாரி ஓட்டிய அப்பா, பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய், கூடத்து இரும்புக் கட்டிலில் கிடந்தார். மாமாவோ தண்ணீர் வடிகட்டி, அதிசய மெத்தை என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் விற்று முடித்தவர். அவருக்கு இன்னும் காபி கொடுத்த ஒரே வீடு எங்களுடையது.

"ரெண்டாயிரம் காஸ் பவர், தங்கச்சி. ரத்தத்த இழுத்துக் கைக்குக் கொண்டாந்துரும் லா," என்றார் மாமா அம்மாவிடம்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அது பவர் இல்ல மாமா, காந்தப் புலத்தோட அளவு. பத்தாயிரம் காஸ் சேந்தாத்தான் ஒரு டெஸ்லா. அந்த ஒரு டெஸ்லாவுல, ஒரு மீட்டர் கம்பியில ஒரு ஆம்பியர் கரண்ட் ஓடுனா, கம்பிய ஒரு நியூட்டன் தள்ளும். ஒரு நியூட்டன்னா சின்ன மாங்கா வெயிட்டு. கரண்டே இல்லாத கம்பிய அது தள்ளாது."

"நரம்புல கரண்ட் ஓடுதுல்ல?"

"அத வச்சு எறும்பக்கூடத் தள்ள முடியாது மாமா."

"மாங்கா கணக்கெல்லாம் பரீட்சையில எழுதுடி," என்றார் அம்மா. "நீங்க மாட்டி விடுங்கண்ணே."

நான் மாமா கட்சி. ஒன்றைவிட இரண்டாயிரம் பெரியது என்ற அளவில் என் கணக்கு நின்றிருந்தது, இன்றும் பெரிதாக முன்னேறவில்லை.

ஒரு மத்தியானம் காப்பு மாட்டிய அப்பாவின் கை கட்டில் ஓரத்துக்குச் சரிந்தது. டக்கென்று ஒரு சத்தம். கை விழாமல் அப்படியே நின்றது.

"அப்பா கை நகந்துருச்சு!" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்த அம்மா நேராகச் சாமி மாடத்துக்கு ஓடினார். அக்காதான் கட்டிலருகே வந்து குனிந்தாள். கட்டில் சட்டத்தில் ஒட்டியிருந்த காப்பை விரலால் நெம்பினாள். கை தொப்பென்று தொங்கியது. கையை எடுத்துச் சட்டத்தருகே வைத்தாள். டக். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

"நெசமாவே நகந்துச்சாடி?" கற்பூரம் பற்றவைத்தபடி அம்மா கேட்டார்.

அக்கா அப்பாவின் மூடிய கண்களைப் பார்த்தாள்.

"நகந்துச்சும்மா," என்றாள்.

நியூட்டனை மாமா ஜெயித்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து, அப்பாவின் கையை அடியிலிருந்து தன் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தாள். காந்தம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறதே, இவள் எதற்குத் தாங்குகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.