ராக்காயி அக்கா கட்டிய கறுப்புக் கயிறு

மலேசியாவின் கூலிமில் எங்கள் வரிசை வீடுகளில் எந்தக் குழந்தை பிறந்தாலும், முப்பதாம் நாள் அதன் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவது ராக்காயி அக்காதான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கை. முடிச்சுப் போட்டால் அவிழாது. வாய் மட்டும் நேர்மாறு, திறந்தால் மூடாது.

தன் தம்பி மகன் திவாகரனுக்குத் தன் தங்கை மகள் ஷாமளாவைக் கட்டிவைத்ததும் அவர்தான். சொந்தம் விட்டுப்போகக் கூடாதாம். அவர்களுக்குப் பெண் பிறந்து முப்பதாம் நாள் கயிறு கட்டி, காலில் வெள்ளித் தண்டையும் மாட்டிவிட்டார்.

சில நாளில் பிள்ளைக்குக் கொப்புளம் கிளம்பியது.

"மாரியாத்தா வந்திருக்கா. யாரும் வெளிய போவக்கூடாது லா," என்று வாசலில் வேப்பிலை செருகினார் அக்கா.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் பெரியம்மா," என்று ஷாமளா அழுதாள். அக்கா காதில் வாங்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கேட்கப்போன என்னையும் விரட்டிவிட்டார்.

மறுநாள் காலை பிள்ளையை வேப்பிலையால் தடவ வந்தவரின் கை அப்படியே நின்றது. முகத்தில் ஒன்றுமில்லை, முதுகிலும் ஒன்றுமில்லை. கயிறு சுற்றிய இடுப்பில் ஒரு வளையம். தண்டை உரசிய கணுக்காலில் ஒரு வளையம். முதல் நாள் வேப்பிலையால் தடவிய பிள்ளையின் கையில் தோல் வழன்றிருந்தது. முடிச்சு அழுத்திய இடத்தில்தான் பெரிய கொப்புளம்.

"ஆத்தா கயிறு கட்டின எடமாப் பாத்தா வருவா? இது என் கயிறு செஞ்ச வேல," என்றார். தன் கையாலேயே அதைக் கத்தரித்தார். "திவா, காடிய எடு!" காரில் நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் விளக்கினார். பிள்ளையின் தோலடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கவில்லை. உரசினாலே கொப்புளம் வரும். குடும்ப வழியில் வரும் அரிய நோய் போலிருக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

அக்கா கத்தரித்த கயிற்றை மடியிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் கடைசித் தம்பி. கைப்பிள்ளையிலயே போயிட்டான். அம்மைன்னாங்க. நானும் நம்பிட்டேன் டாக்டர்."

பரிசோதனை முடிவும் அதையே உறுதி செய்தது. அடியோடு குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் புண் சீழ்பிடிக்குமுன் வந்துவிட்டீர்கள், பிள்ளையைப் பத்திரமாக வளர்க்கலாம் என்றார் டாக்டர். புண்ணில் ஒட்டாத கட்டுப் போடவும், அக்குளைப் பிடித்துத் தூக்காமல் ஏந்தவும் ஷாமளா கற்றுக்கொண்டாள். இப்போதெல்லாம் எந்தக் குழந்தையின் தோலையும் வெளிச்சத்தில் பார்க்காமல் அக்கா கயிறெடுப்பதில்லை. லேசாகச் சந்தேகம் வந்தாலும் தாயையும் பிள்ளையையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடுகிறார்.

போன மாதம் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். முட்டியில் பஞ்சு உறையோடு நாற்காலியைப் பிடித்து நின்றது. பார்த்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னா, இடுப்புல கயிறு இல்ல? கண்ணு பட்டுறாது?" என்றாள் வந்தவள் ஒருத்தி.

அக்கா தன் சேலையை இடுப்பில் சற்று விலக்கிக் காட்டினார். பிள்ளைக்குக் கட்டிய அதே கயிறு, நீளம் பற்றாமல் ஒட்டுப்போட்டு, அவர் இடுப்பில் கிடந்தது.

"பட்டா எனக்குப் படட்டும். என் தோலு தாங்கும் லா."