பெரியப்பாவின் காய்ந்த சட்டை

என் பெரியப்பா அப்போது ரோடு ரோலர் ஓட்டினார். புதுத் தாரில் ரோலர் நின்றால் பள்ளம் விழும் என்று தண்ணீர் குடிக்கக்கூட இறங்க மாட்டார். அந்த நாள் வெயிலில் காக்கைகூடப் பறக்காமல் நிழல் பார்த்து நடந்துதான் போகும்.

ஒரு நண்பகலில், "பாருங்கப்பா, சட்டையில சொட்டு வேர்வை இல்ல!" என்று நாக்குழறப் பெருமையடித்தார். ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குப் பகீரென்றது. அந்த வெயிலில் வியர்வை நின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஓடிப்போய் ரோலருக்கு முன்னால் நின்றாள்.

"தள்ளுடி, ரோடு வீணாயிடும்!"

"ஆகட்டும். மொதல்ல இறங்குங்க!"

அவரை இறக்கி, குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தாள்.

அதன்பிறகு அவள் சொம்பைத் தூக்கிக் காட்டினாலே போதும், பெரியப்பா ரோலரை ஆறின ரோட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்தி, சமத்தாக இறங்கிக் குடிப்பார். அந்த அழகைப் பார்க்கவே நாங்கள் சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போவோம்.